தொண்ணூறு கிராம்

புன்டா அரீனாஸில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருப்பார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அந்த ஊரில்
முப்பத்தொரு வருஷம் வால்வைத் திறந்துவிட்டேன்.
உஸ்ஸென்று ஒரு சத்தம்,
விரல்நுனியில் கொஞ்சம் உறைபனி,
அவ்வளவுதான்.
நிறமில்லை, நாற்றமில்லை, சாட்சியில்லை.
விதிகளைக் காற்றில் பறக்கவிட்டான் என்பார்கள்.
என் விஷயத்தில் அது பேச்சுவழக்கு இல்லை;
சம்பளம்.

இப்போது ஐம்பத்திரண்டு வயதில்
பள்ளிக்கூடப் பெஞ்சில் முழங்கால் இடிக்க
ரெமிகியோ ஓயார்சோ, வரிசை எண் பதினேழு.
உரிமம் இல்லாதவனுக்கு இனி
ஒரு சிலிண்டர்கூட விற்கமாட்டார்களாம்.
எழுத்துத் தேர்வில் முதல் கேள்வி:
குளிர்விக்கும் வாயு கசிந்தால் எங்கே போகிறது?
நான்கு விடைகள் தந்திருந்தார்கள்.
'வெளியே' என்பது அதில் இல்லை.

பிற்பகல் செய்முறை.
நண்டு ஆலையிலிருந்து இழுத்துவந்த பழைய உறைபெட்டி.
தகட்டில் பொறித்திருந்தது: இரண்டு கிலோ நானூறு.
அத்தனையும் உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்க வேண்டும்,
தராசின் மேல் வைத்தே.
தேர்வாளர் யாஸ்னா மிமிகா,
என் மகள் வயதுகூட இராது.
கையில் பென்சில், வாயில் பேச்சில்லை.
பம்பு முனகி ஓய்ந்தபோது
தராசு காட்டியது: இரண்டு கிலோ நானூறு.
கடுகளவும் குறையவில்லை.
மீசையைத் தடவிக்கொண்டேன்.
அவள் குனிந்து
சிலிண்டரின் தோளில் கிடந்த என் கையுறையை
இரண்டு விரலால் எடுத்து மேசையில் வைத்தாள்.
இரண்டு கிலோ முந்நூற்றுப் பத்து.

மறந்து வைத்தது என்றுதான்
இன்றுவரை சொல்லிவருகிறேன்.

அடுத்து, சிவப்புச் சிலிண்டர்கள்.
படகின் எஞ்சின் அறையில் தீயணைக்க மாட்டியிருப்பவை.
இனி எடை குறித்து, கையெழுத்துப் போட்டு
ஒப்படைக்க வேண்டியவை.
"இதைப் பற்றித் தெரியுமா?" என்றாள்.

தொண்ணூற்று மூன்றில், லா போர்ஃபியாதாவில்
டீசல் பற்றிக்கொண்ட ராத்திரி
என் மச்சான் டெல்ஃபின் உள்ளே இருந்தான்.
யாரோ பிடியை இழுத்தார்கள்.
பத்து எண்ணுவதற்குள் தீ
அதட்டிய நாய்போல் படுத்துக்கொண்டது.
டெல்ஃபின் புருவமில்லாமல் ஏணியேறி வந்து
சிகரெட் கேட்டான்.

அந்த வாயுதான் மேலே போய்
வானத்தின் தோலை அரித்தது என்கிறது பாடப்புத்தகம்.
அரித்திருக்கும்.
வசந்தம் வந்தால் எங்கள் ஊரில்
வெயிலுக்கென்று ஒரு சிக்னல் விளக்கு உண்டு.
ஊதா எரிந்தால் பிள்ளைகளை வெளியே விடாதே.
ஊதாவையும் பார்த்திருக்கிறேன்.
அந்த ராத்திரிக்குப் பிறகு பிறந்த
டெல்ஃபினின் மூன்று பிள்ளைகள்
மூக்கில் வெள்ளைக் களிம்போடு
பள்ளிக்கு ஓடியதையும் பார்த்திருக்கிறேன்.
இரண்டையும் ஒரு தராசில் வைக்க
எந்தத் தேர்வுக்குப் படிக்க வேண்டும்?
"தெரியும்" என்று மட்டும் சொன்னேன்.

படிவத்தில் கடைசிக் கட்டம் காலி.
குறைவு: தொண்ணூறு கிராம். காரணம்:
மூட்டில் கசிவு என்று எழுதலாம்.
எண்ணெயில் கரைந்தது என்றால்
அவளே தலையாட்டுவாள்.
ஆனால் குழாயைக் கழற்றிய அவசரத்தில்
அந்தச் சின்ன உஸ்
எனக்குக் கேட்டிருந்தது.
'நான்' என்று எழுதினேன்.
யாஸ்னா வாசித்தாள்.
தேதி போடச் சொன்னாள்.

அட்டை மூன்று வாரத்தில் வருமாம்,
வந்தால்.
பேருந்து நிறுத்தத்தில்
கேள்வித்தாளின் பின்பக்கம் கூட்டத் தொடங்கினேன்:
ஆலை ஆலையாக, படகு படகாக,
எந்த வருஷம் எத்தனை கிலோ.
தொண்ணூற்றெட்டு வரை வந்திருந்தேன்.
ஜலசந்திப் பக்கமிருந்து காற்று எழுந்து
தாளைப் பிடுங்கப் பார்த்தது.

கொடுக்கவில்லை.