நாலாவது குழாய்

முதலாவது குழாய் சீனிக்கும் புரதத்துக்கும்.
இரண்டாவது பற்றீரியாவுக்கு.
மூன்றாவதில் கலங்களை எண்ணுவேன்.
நாலாவதை உறைபெட்டியில் பூட்டிவைப்பேன்,
எனக்கு இன்னும் கேட்கத் தெரியாத கேள்விக்காக.

வவுனிக்குளம் வான்பாய்ந்த கிழமை
பாலிநகரிலிருந்து கபிஷனைக் கொண்டுவந்தார்கள்.
பன்னிரண்டு வயது. மூன்று நாள் காய்ச்சல்.
நாலாம் நாள் தாயைப் பார்த்து
"நீங்கள் ஆர்?" என்று கேட்டானாம், மரியாதையாக.
பிறகு வலிப்பு.

முள்ளந்தண்டிலிருந்து சொட்டிய நீர்
தெளிவாக இருந்தது.
கலங்கி வந்தால் பயம் குறைவு,
கலங்கலுக்கு மருந்து உண்டு.
தெளிந்த நீரைத்தான்
வெளிச்சத்துக்குப் பிடித்தபடி கனநேரம் நிற்பேன்.
நிணக் கலங்கள் நூற்றுப் பன்னிரண்டு.

தை பிறக்குமுன் ஒன்பது பேர்.
ஊரில் ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருந்தது:
புதுக் குழாய்க்கிணறு,
நெல்லுக்கு அடித்த களைநாசினி,
வெட்டக்கூடாத பாலைமரத்தை வெட்டியது.
சுகாதாரப் பரிசோதகர் குலசேகரம் எலி என்றார்.
மிருக வைத்தியர் பன்றி என்றார்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பூச்சியியல் பிரிவுத் தேவசகாயம்
அந்தி ஆறரைக்கு மாட்டுப் பட்டிக்குள்
வாயில் ரப்பர்க் குழாயோடு நின்று
நுளம்புகளை ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்தார்.
ஊசிமூக்கின் நடுவே வெள்ளை வளையம் இருந்தால்
அவர் முகம் மாறும்.
"இதுக்கு எங்களில கோவமில்லைத் தங்கச்சி.
கொக்கும் பன்றியும் போதும் இதுக்கு.
மனிசனுக்குள்ள வந்தா
அந்தக் கிருமிக்கும் வழியில்லை,
முடிஞ்ச ஒழுங்கை."

ஐஸ் பெட்டி இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனது.
மீன் என்று நினைத்த ஒருவர்
மதவாச்சி வரை அதன்மேல் கால் நீட்டியிருந்தார்.

இருபத்தாறாம் நாள் நில்மினி அழைத்தாள்,
தன் தமிழில், ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தரம் சொல்லி.
யப்பானிய மூளைக்காய்ச்சல்: இரண்டு.
இருவரும் நாற்பது தாண்டியவர்கள், ஊசி போடாதவர்கள்.
ஹெர்பீஸ்: ஒன்று.
எலிக்காய்ச்சல்: ஒன்று.
(குலசேகரம் அதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை.)
மீதி ஐந்து?
"மீதி தெரியாது, மிஸ்.
எங்களிட்ட இருக்கிற எல்லாம் செய்து பாத்தது."

கபிஷன் அந்த ஐந்தில்.
அவன் ஊசி அட்டையில் ஒரு கட்டமும் வெறுமையில்லை.

உயிர் தப்பினான்.
இடக் கையால் சாப்பிடுகிறான். தாயைத் தெரிகிறது.
எண்ணச் சொன்னால் ஏழுவரை வருவான்,
ஏழில் நின்று
அடுத்தது என்ன என்று எங்கள் வாயைப் பார்ப்பான்.

தாய் புஸ்பகாந்தி அறிக்கையை வாங்க வந்தாள்.
"வந்ததுக்கு என்ன பேர் பிள்ளை?"
"தெரியேல்லை அம்மா."
"பேரில்லையோ?"
"பேர் இருக்கும். எங்களுக்குத்தான் தெரியேல்லை."

அவள் கோபிக்கவில்லை.
கையில் ஏற்கெனவே ஒரு பிளாஸ்ரிக் கோவை.
திறந்தாள். முதல் உறைக்குள் தம்பியின் படம்,
முள்ளிவாய்க்காலுக்கு முந்தியது.
அடுத்ததில் மங்கிப்போன முத்திரையோடு ஒரு கடிதம்,
விசாரணையில் உள்ளது என்று.
அதற்குப் பின்னால் என் தாளை நுழைத்தாள்.
இரண்டும் ஒரே அளவு.
மூலை மடியாமல் பொருந்தியது.

அதற்குப் பிறகு மின்சாரம் நின்ற இரவெல்லாம்
விடுதியிலிருந்து குடையோடு ஓடிவந்து
உறைபெட்டியின் வயரை ஜெனரேற்றருக்கு மாற்றுகிறேன்.
ஐந்து குழாய். ஒவ்வொன்றிலும் அரைத் தேக்கரண்டிகூட இல்லை.
கொழும்பில் புது இயந்திரம் வரப்போகிறதாம்.
வரும் என்றுதான் போன வருசமும் சொன்னார்கள்.

இந்த மாரியின் முதல் மழை முந்தாநாள்.
துருசடியில் கொக்குகள் இறங்கிவிட்டன.
இன்று காலை பொறிக்குள் இருநூற்றாறு நுளம்புகள்.
தேவசகாயம் வெள்ளைத் தாளில் பரப்பி
வில்லைக்கடியில் ஒவ்வொன்றாகப்
பெயர் சொல்லிக்கொண்டு போகிறார்,
நான் கோடு போட்டுக்கொண்டு வருகிறேன்.

ஒன்றில் நிறுத்துகிறார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித்
துடைக்கிறார்.