வசூலாகத்தக்கதல்ல

நகல் மனுவில் ஏழாவது கட்டம்:
இறந்தவருக்கு மனுதாரர் என்ன உறவு?
பேனா அங்கேயே நின்றது.

நாகப்பட்டினம் ஜில்லா கோர்ட்டு, பின்கட்டு ஆவண அறை.
உப்புக் காற்றில் பூட்டுகூடப் பூத்துக் கிடந்தது.
"உங்க ஆளுங்க உயிலா சார்?" என்றார் ரிக்கார்டு கீப்பர்.
எங்கள் ஆட்களுக்கு ஏது உயில்?
ஒரு குழி நிலமில்லாதவன் சாகும்போது
யார் பேருக்கு எதை எழுதுவான்?
இன்னொருத்தர் சாவில்தான் எங்களைத் தேடவேண்டும்.

பிரமாதீச வருஷம் ஆவணி மாதம்
மிராசுதார் தியாகேசம் பூரண மனதுடன்
எழுதிவைத்த மரண சாசனம்.
கூடவே தைத்த சொத்து ஜாபிதா, முப்பத்தொன்பது பக்கம்.
நஞ்சை பதினெட்டு வேலி.
காசுமாலை இரண்டு, ஒன்றில் ஒரு காசு குறைவு.
வெள்ளிப் பாலாடை.
கொம்பொடிந்த மயிலைக் காளையும் அதன் ஜோடியும்.
மூத்த மகன் பங்கில் பாதியைக் கரையான் வாங்கிக்கொண்டிருந்தது.

முப்பத்தாறாம் பக்கம், வராக்கடன்.
அந்தச் சொல்லோடு எனக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.
கீழ்வேளூர்ப் பக்கம் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் நான்.
செத்தவர், திருப்பூர் போனவர், தலை நிமிராதவர்,
எல்லாரையும் மார்ச் மாதக் கடைசியில்
அந்தத் தலைப்பின் கீழ்தான் படுக்கவைப்பேன்.

பதினோராவது பேர்:
தூண்டி. தகப்பன் பேர் – ஒரு கோடு. காமாயி மகன். பண்ணையாள்.
நெல் கலம் மூன்று, மரக்கால் ஐந்து.
கப்பலேறிப் பினாங்கு போனதாய்த் தாயார் சொல்.
வசூலாகத்தக்கதல்ல.

பினாங்காவது!
என் பூட்டன் எட்டு வருஷமும் காரைக்காலில்
சூளையில் கிளிஞ்சல் சுட்டுக்கொண்டிருந்தான்.
எங்கள் வீட்டில் பிள்ளைக்குட்டிக்கும் தெரியும்.
அங்கே வெள்ளைக்காரன் வேறு, கொடி வேறு,
பண்ணைக் காரியக்காரன் பாச்சா பலிக்காது.
இருட்டோடு திருமலைராஜன் ஆற்றில் இறங்கி
மகனுக்குக் கருவாடு கொண்டுபோய்க் கொடுத்தவள்
விடிந்ததும் கணக்குப்பிள்ளை முன்னால்
மாரில் அடித்துக்கொண்டு
கடலைக் கைகாட்டியிருக்கிறாள்.

அவர் நம்பி எழுத, வக்கீல் நம்பிப் படிக்க,
ஜட்ஜு நம்பிக் கையெழுத்திட,
ராஜா தலை ஸ்டாம்பு ஒட்டி
நூற்றுப் பத்து வருஷம் நூல் கட்டிக் காத்திருக்கிறார்கள்,
காமாயியின் ஒரு பொய்யை.

ஏழாவது கட்டத்தில் 'கடன்காரர்' என்று எழுதினேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"குடுத்தவரா, வாங்கினவரா?"
"வாங்கினவர்" என்றேன். "குடுக்காதவர்."

நகல் பதினேழு நாள் கழித்துக் கிடைத்தது.
அன்றைக்குக் காரைக்கால் போய் ஒரு டீ குடித்தேன்.
வேறு வேலை ஒன்றுமில்லை.
திரும்பும்போது வாஞ்சூர் செக்போஸ்டில் பாட்டில் தேடியவர்
என் பையைத் திறக்கச் சொன்னார்,
உறையைப் பிரித்து அங்கங்கே புரட்டினார்,
"வெறும் பேப்பர்" என்று பின்னால் குரல் கொடுத்து
பஸ்ஸை விட்டுவிட்டார்.