திரும்பி வரும் பீங்கான்கள்

எங்கள் கடைக்கு வந்த நோய்
முதலில் எனக்குத்தான் தெரியும்.
கணக்காளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்குமுன்,
வங்கியின் மூன்றாவது கடிதம் வருமுன்.
ஆறு வருடமாய்க் கழுவுதொட்டியடியில் நிற்கிறேன்.
நிறைந்து போகும் பீங்கான்
எப்படித் திரும்புகிறதென்று என் கைக்குத் தெரியும்.

பட்டர் சிக்கன் பாதியில் வரும்.
மஞ்சூரியன் ஒரு கடியோடு.
பாஸ்தாவை, ஆம், பாஸ்தாவும் இருந்தது,
பிள்ளைகள் முள்ளுக்கரண்டியால் கூடு கட்டி
அப்படியே விட்டுப் போவார்கள்.
கணவாய்க் கறி மட்டும்
நாலு விரல் உழுத கோட்டோடு வரும்.
கழுவ ஒன்றுமிராது.

எட்மன்டனில் மில்வுட்ஸ்.
ஒரு முழுநாள் ஓட்டத்துக்கு அப்பால் கடல்.
பலகையில் 'கடலோரம்' என்று பெயர்.
கடைசி இரண்டு எழுத்தும் எரியாமல் போனபின்
'கடலோ?' என்று
பனியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

மூத்தவர் சிவநேசன்
ஒவ்வொரு நட்டத்துக்கும் ஒரே மருந்து வைத்திருந்தார்:
பட்டியலில் இன்னொரு சாமான்.
"ஆரோ கேட்டவை" என்பார்.
அந்த ஆரோ பிறகு வந்ததேயில்லை.
நூற்றுப் பன்னிரண்டு சாமான்.
பட்டியல் வீங்கக் குளிர்பெட்டி வீங்கியது,
நாங்கள் மெலிந்தோம்.

தை மாதம், மைனஸ் முப்பத்தொன்று.
சனிக்கிழமை முழுக்க ஏழு பேர்,
அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர்.
இரவு குணபாலன் சாவிக்கொத்தை மேசையில் வைத்து
"விப்பம்" என்றார்.
காரையா கடையையா என்று நான் கேட்கவில்லை.
கையுறையைக் கழற்றினேன்.
சிவப்புப் பேனையை எடுத்தேன்.

பட்டர் சிக்கன். வெட்டு.
இரண்டு கதவு தள்ளிக் குர்விந்தர்
அதை எங்களைவிட நன்றாய்ச் செய்கிறான், என்னத்துக்கு வம்பு.
மஞ்சூரியன். வெட்டு.
பாஸ்தாவை இரண்டு முறை வெட்டினேன்.
குணபாலன் தடுக்கவில்லை,
தேநீர் ஊற்றித் தந்தார்.

ஐந்தாம் பக்கத்தின் அடியில்
'சிவநேசன் ஸ்பெஷல் புரியாணி'.
மூன்று மணித்தியால வேலை.
கிழமைக்கு இரண்டு போகும்.
பேனை நின்றது.

மூத்தவர் என்னைப் பார்க்கவில்லை,
பேனையைப் பார்த்தார்.
"உதுக்கு நான்தான் பேர் வைச்சனான்" என்றார்.
வழக்காடுகிற குரலில்லை அது.
பிறகு கை நீட்டிப் பேனையை வாங்கி
அவரே கோடு கிழித்தார்,
கொஞ்சம் கோணலாக.

மிஞ்சியது ஒன்பது.
புட்டு, சொதி, கணவாய், முட்டைப் பொரியல்,
இன்னும் ஐந்து.
காலை ஐந்துக்குக் கதவு திறந்தோம்,
கிடங்குகளில் இரவு வேலை முடித்து
பசியோடு பஸ்ஸுக்கு நிற்பவர்களை நம்பி.
முதல் கிழமை புட்டை நாங்களே தின்றோம்.
மத்தியானமும் தின்றோம்.

இரண்டாம் கிழமை ரொமெல் வந்தான்,
பூட்ஸில் பனி, கண்ணில் நித்திரை.
கணவாயின் படத்தைத் தொட்டுக் காட்டினான்.
தன் ஊரிலும் இது உண்டென்று
கையால் பத்துக் கால் ஆட்டிச் சிரித்தான்.
அடுத்த நாள் நாலு பேர்.
பங்குனியில்
கதவை மூடுங்கோ, சூடு போகுது என்று
குணபாலன் நாள் முழுக்கக் கத்தினார்.
அவ்வளவு சந்தோசமாய் அவர் கத்தி
நான் கேட்டதில்லை.

கடன் இருக்கிறது.
பலகை இன்னும் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறது.
பெரிய குளிர்பெட்டியை விற்றோம்,
அது நின்ற இடத்தில் தரை மட்டும் வெள்ளை.
மூத்தவர் அங்கே கதிரை போட்டு வெங்காயம் உரிக்கிறார்.
சில புதன்களில், ஒருவரும் கேளாமல்,
சின்னச் சட்டியில் புரியாணி ஏற்றுகிறார்,
எங்கள் மூன்று பேருக்கு.

உப்புக் கொஞ்சம் கூட.
என் பீங்கானைத் தொட்டிக்குக் கொண்டுபோகையில்
பின்னால் வந்து, வேறெதையோ தேடுவதுபோல்
எட்டிப் பார்க்கிறார்.
பார்க்கட்டுமென்று
நாலு விரலாலும் வழித்து வைத்திருக்கிறேன்.