இரண்டு புள்ளி எட்டு

எல் சால்வடோர் தெரு என்று பெயர்,
இருப்பது மெக்சிகோ நகரத்தில்.
இன்னொரு நாட்டின் பெயரைச் சுமக்கும் தெருவில்
நான் ஓர் அளவைச் சுமந்து அலைகிறேன்:
இரண்டு புள்ளி எட்டு மில்லிமீட்டர்.

பொத்தானின் பித்தளை நாக்கைக்
கவ்விக்கொள்ள ஒரு சின்ன வாய்.
அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஐந்தாம் கடையில் நான்கு புள்ளி எட்டுதான்.
"குறடால் நசுக்கு, பிடிக்கும்" என்றான்.
நசுக்கியிருக்கிறேன்.
மூன்றாவது சுற்றில், சரியாகக் குத்தப்போகையில்,
பொத்தான் செத்தது.
எஃப்ரேன் சிரித்த சிரிப்பு
இன்னும் காதில் கிடக்கிறது.

பதினோராம் கடை.
தோன்யா ஒப்துலியா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஒரு பையை மேசைமேல் போட்டாள்.
நூறு. பிரித்துத் தரமாட்டாள்.
எனக்கு வேண்டியது இருபது;
சட்டைப்பையில் இருந்தது
பாதி விலையும் மெட்ரோவுக்கான காசும்.

பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.
மருந்துக்கடை வாசலில்
காசு போட்டால் ஆடும் குதிரை அவருடையது.
மூன்று வாரமாக நின்ற இடத்தில் நிற்கிறதாம்.
பிள்ளைகள் சும்மாவே ஏறி
தாங்களே உலுக்கிக்கொள்கிறார்களாம்.

நடைபாதையில் செய்தித்தாள் விரித்து,
குந்தி உட்கார்ந்து கூறு போட்டோம்.
ஒன்று மட்டும் அவர் விரலிலிருந்து துள்ளி
சாக்கடைக் கம்பிக்குள் போய்விட்டது.
ஐம்பது. நாற்பத்தொன்பது.
எந்தக் கூறு யாருடையது என்று
எழுந்தபிறகு எனக்கே தெரியவில்லை.

இரவு பதினொன்றரை.
கடைசி நாக்கில் கடைசி வாயைச் செருகினேன்.
டிக்.

எஃப்ரேனுக்கு நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.
மருந்துக்கடை எந்தத் தெருவில் என்று
கேட்காமல் வந்துவிட்டேனே.