நான் படிக்காத நாலாம் வகுப்பு

நூற்றாண்டு மலருக்காகப்
பள்ளத்தூர்ப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைத்
தட்டி எடுக்கச் சொன்னார்கள்.
தும்மலுக்கு ஒரு முகக்கவசமும் தந்தார்கள்.

1926. சித. வயிரவன், வயது ஒன்பது.
மாகாணி, அரைக்காணி, முந்திரிவரை
தலைகீழாக ஒப்பிப்பான்.
ஓரத்தில் குறிப்பு: “கணக்கில் அசுரன்.”
நீங்கிய காரணம்: ரங்கூன்.
கெட்டிக்காரப் பையன்களுக்கு அன்றைக்கும்
தனி வகுப்பு இருந்தது,
கப்பலுக்கு அந்தப்புறம்,
பெட்டியடியில், வட்டிச் சிட்டைக்கு முன்னால்.

1941. உமையாள்.
மூன்றிலிருந்து நேராக ஐந்து.
நாற்பது நாள் கழித்து வேறு மையில்:
“கால் தரையில் எட்டவில்லை. மீண்டும் மூன்று.”
1945-இல் அதே உமையாள்.
நீங்கிய காரணத்தில் ஒரு கோடு மட்டும்.
எழுதியவருக்குக் கூச்சம்.

அந்த வருஷங்களில்
மாளிகைச் சுவருக்குச் சுண்ணாம்பு அரைத்த பிள்ளைகளில்
எத்தனை அசுரர் என்று பதிவேட்டுக்குத் தெரியாது.
சேர்த்தால்தானே ஓரத்தில் குறிப்பு எழுத.

1978. என் பெயர்.
பதினேழை இருபத்து மூன்றால் பெருக்கு என்றார் இன்ஸ்பெக்டர்.
பேனா மூடியை அவர் கழற்றுமுன்
முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று என்றேன்.
“டபுள் புரமோஷன்” என்றார்.
அப்பா தெரு முழுக்க ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்.
மறுநாள் போய் உட்கார்ந்தேன்
ஐந்தாம் வகுப்பில், இரண்டாம் பெஞ்சில்,
என் அண்ணன் சேவுகன் பக்கத்தில்.

மார்க் வரிசையில்தான் விடைத்தாள் கொடுப்பார் சார்.
முதலில் என்னைக் கூப்பிட்டார்.
அண்ணன் பெயர் வர நெடுநேரமாயிற்று.
வீட்டுக்குப் போகையில் என் பையை
எப்போதும் அவன்தான் தூக்குவான்.
அன்றும் தூக்கினான்.
நெஞ்சு கனத்தது என்று இப்போது எழுதிக்கொள்ளலாம்.
அன்று எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.
கை வீசி நடந்தேன்.

அவன் வரியையும் தேடிப் பார்த்தேன்.
ஆறாம் வகுப்போடு நிற்கிறது.
காரணம்: “விருப்பமில்லை.”
யாருக்கு என்று எழுதவில்லை.

இப்போதெல்லாம் வட்டங்களைக் கறுப்பாக்கினால் போதும்.
ஊரகத் திறனாய்வுத் தேர்வில் தேறியிருக்கிறாள்
ஜேசிபி ஓட்டுபவர் மகள் அங்கயற்கண்ணி.
சிவகங்கை மாதிரிப் பள்ளிக்கு
மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தவள்
ஒன்றுதான் கேட்டாள்:
“அங்க என் பக்கத்துல யார் சார் உட்காருவா?”
முத்திரையைத் தேடுவதுபோல மேஜை இழுப்பறையைக் குடைந்தேன்.

நாலாம் வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று
இன்னும் எனக்குத் தெரியாது.
திசைகளாக இருக்க வேண்டும்.
வடமேற்கு எது என்று யாராவது கேட்டால்
ஒரு நொடி சூரியனைத் தேடுகிறேன்.

நேற்று வண்டி பஞ்சர்.
காரைக்குடி சாலையில் அண்ணன் கடை.
டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தவனிடம்
கேட்டே விட்டேன்.

“யாருக்குடா ஞாபகம்?
மைதானத்தைக் கயிறு புடிச்சு அளக்கச் சொன்னாங்க.
அதுக்கு ரெண்டு பேரு வேணும்.
ஒருத்தன் இந்த முனை, ஒருத்தன் அந்த முனை.”

பஞ்சருக்கு நூற்றிருபது ரூபாய்.
வாங்கிக்கொண்டான்.