திரை எண் பூஜ்யம்

பணகுடிக் காற்றாலைகளில் பதினேழாவது
ராத்திரி ரெண்டே காலுக்குத்
தலையைத் திருப்ப மாட்டேன் என்றது.
அதன் கோட்டுப்படம் என் திரையில்
துள்ளிக்கொண்டுதான் இருந்தது,
நான் நானாக இருந்தவரை.

எஸ்-யூ. ஒரு சிறு கோடு. கடவுச்சொல்.
இப்போது நான் ரூட்.
எந்தக் கோப்பையும் அழிக்கலாம்
எவன் வேலையையும் பாதியில் கொல்லலாம்.
படத்தைத் திற என்றேன்.
திரையைத் திறக்க முடியவில்லை
என்று ஒரு வரி.

அதே நாற்காலி. அதே விரல்.
அதே ஆறிப்போன சுக்குக்காப்பி.

ஆசீர் போனில் கொட்டாவி விட்டான்:
"ஒரு கூட்டல் குறியப் போடும் வே,
எல்லாவனுக்கும் திறந்துரும்."

எல்லாவனுக்குமா?

நான் பொறுப்பாளரான மறுநாள்
வாசலில் பலவேசம் அண்ணன்
"அட்டை எங்க?" என்றார்,
ரெண்டு வருசமாக டீ வாங்கித் தந்த கையிடம்.
அன்றைக்குப் பட்ட கோபத்தை
இன்றைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

ரூட்டை விட்டு இறங்கினேன்.
பழைய என்னிடம் இருந்தது சீட்டு:
முப்பத்திரண்டு எழுத்து,
வாய்விட்டு வாசித்தால் வசவு மாதிரி இருக்கும்.
குழாய் வழியே
ரூட்டின் கையில் ஊற்றினேன்,
அதை மட்டும், அவனுக்கு மட்டும்.

ஜன்னல் விரிந்தது.
ஆடி மேல்காற்று கதவைப் பிடுங்குகிறது,
பதினேழின் திசைக்கருவியோ
வாடை என்று சாதிக்கிறது.
திருத்தினேன். மெல்லத் திரும்பியது,
கூப்பிட்டது இப்போதுதான் காதில் விழுந்ததுபோல.

போகுமுன் ரூட்டிடமிருந்து சீட்டை அழித்தேன்.

வாசலில் பலவேசம் அண்ணன்
மப்ளருக்குள் நல்ல தூக்கம்.
அட்டையைக் காட்டிவிட்டுத்தான் வந்தேன்.