இரண்டு எலுமிச்சை

சமேடான் ஓடுதளத்தில் ராத்திரி முழுக்கப் பனி.
விடிந்தபோது வெர்ஹூல்ஸ்டின் விமானம்
மூக்கு மட்டும் வெளியே தெரிய
வெள்ளைக்குள் புதைந்து நின்றது.

பறக்க மணிக்கு இவ்வளவு என்று
லியேஜில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.
நிற்க எவ்வளவு என்று
அவர் கேட்கவில்லை.

நின்றது மூன்று இரவு.
எடையைப் பார்த்து, இரவை எண்ணி
தரைக்கு வாடகை.
விமானிகள் இருவரும் இத்தனை மணி நேரம்
தூங்கியாக வேண்டும் என்பது சட்டம்;
பனிச்சறுக்குப் பருவத்தில் இந்த ஊரில்
தூக்கம் மலிவில்லை.

ஃப்ளூரின் கூண்டு வண்டியில் ஏறி
இறக்கை மேல் வெந்திரவம் பீய்ச்சினான்.
ஆரஞ்சு நிறத்தில் வழிந்து
வடிகாலில் இறங்கிப் போனது
என் ஒரு மாதச் சம்பளம்.

ஞாயிறு மாலை சுங்க அதிகாரியை
வீட்டிலிருந்து வரவழைத்தோம்.
மகளின் பிறந்தநாள் கேக்கை வெட்டாமல் வந்தார்.
நேரம் தாண்டிய பணி, ஒரு மணி என்று எழுதினேன்.
கேக்குக்குக் கட்டம் இல்லை.

மராகேஷ் வரை
எந்த நாட்டின் மேல் எத்தனை கிலோமீட்டர் என்று
நாடு தவறாமல் பில் வரும், ஆறு வாரம் கழித்து,
கீழே ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்காத வானத்துக்கு.
அங்கே அவரை இறக்கிவிட்டு
எட்டு இருக்கையும் காலியாகத் திரும்பும் விமானம்.
இல்லாதவர்களைச் சுமந்த கூலியும்
இருப்பவர் தலையில்தான்.

எல்லாவற்றுக்கும் ஒரே கையெழுத்து.
ஒரு வார்த்தை கேட்கவில்லை மனிதர்.

வியாழன் அன்று தொலைபேசி.
"லாடினா, இரண்டு எலுமிச்சைக்கு
முப்பத்தெட்டு பிராங்கா?"

உங்கள் மனைவி தேநீருக்குக் கேட்டார்கள் ஐயா.
ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை.
ஃப்ளூரின் முழங்கால் பனியில் நடந்து
விடுதிச் சமையல்காரரிடம் கெஞ்சி
கோட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தான்,
பாதுகாப்புக் கதிரில் அதையும் ஒருமுறை படம் பிடித்தார்கள்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

இதில் எதையும் நான் சொல்லவில்லை.
அவர்கள் வெட்டாமல் விட்டுப்போன ஒன்று
என் மேசையில்தான் இருந்தது,
விசைப்பலகைக்குப் பக்கத்தில், காம்பு காய்ந்து.

"கழித்துவிடுகிறேன்" என்றேன்.
அவருக்குப் பரம திருப்தி.
நியாயம் கிடைத்தவர் குரலில்
நன்றி சொல்லி வைத்தார்.

எலுமிச்சை வரியை அழித்தேன்.
'தரைச் சேவை, இதர' என்றொரு வரி உண்டு.
அதில் முப்பத்தெட்டைக் கூட்டினேன்.
அதை யாரும் கேட்பதில்லை.